ஃபில்டர் மாற்றியும் ஏற்றத்தில் மூச்சு முட்டும் பழைய டீசல் வண்டி: தடை எங்கே இருக்கிறது?

கேள்வியின் சுருக்கம் இது. 2005 மாடல் பொலிரோ டிஐ டர்போ. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர், ஊட்டி பக்கம் அடிக்கடி ஏறுகிறது. நின்ற இடத்தில் ரேஸ் பண்ணினால் சுத்தமாக இருக்கிறது. சமதளத்திலும் நிதானமாகப் போனால் குறை இல்லை. ஏற்றத்தில் மூன்றாவது கியரில் அழுத்தி மிதித்தால் மட்டும் இழுவை போய்விடுகிறது, பின்னால் கறுப்புப் புகை. ஏர் ஃபில்டர் புதிதாகப் போட்டாயிற்று. மாற்றம் இல்லை. டீசலை அழுத்தித் தள்ளும் பம்பையும், அதைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நாசிலையும் கழற்றி சர்வீஸ் செய்ய வேண்டும் என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். ஃபில்டர் புதிது என்பதால் காற்றுப் பாதையும் சுத்தம் என்று முடிவுகட்டியதாகத் தெரிகிறது. ஃபில்டர் அந்தப் பாதையில் ஒரு பகுதிதான். ஃபெண்டர் பக்கமோ கிரில் பக்கமோ இருக்கும் உறிஞ்சு வாயிலிருந்து டர்போ (எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சக்கரம்) வரைக்கும் எங்கே அடைத்தாலும் இதே அறிகுறிகள் வரும். நீங்கள் எழுதியதில் முக்கியமான வரி, நின்ற இடத்தில் சுத்தமாக இருக்கிறது என்பதுதான். அது நாசிலைவிடக் காற்றுப் பாதையைத்தான் அதிகம் சந்தேகப்பட வைக்கிறது. சொட்டும் நாசில் பெரும்பாலும் ஸ்லோ ஸ்பீடிலேயே, அதாவது மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போதே, தன்னைக் காட்டிக்கொடுக்கும். தட்டும் சத்தம் வரும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடிக்கும். காற்றுத் தடை அப்படியில்லை. இன்ஜின் நிறையக் காற்று கேட்கும்வரை அது இருப்பதே தெரியாது.

கணக்கைப் பாருங்கள். உங்கள் இன்ஜின் 2,523 சிசி. நாலு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அந்த அளவு காற்றை உள்ளே இழுக்கும். 3,000 ஆர்பிஎம்மில், சிலிண்டர் எண்பது சதவீதம்தான் நிரம்புகிறது என்று வைத்தாலும், நிமிடத்துக்கு 3,000 லிட்டர் காற்று வேண்டும். டர்போ அழுத்தம் சேர்ந்தால் இன்னும் கூடும். 750 ஆர்பிஎம்மில் சும்மா நிற்கும்போது அதில் கால்வாசிதான். குழாயில் காற்று நாலு மடங்கு ஓடினால் அழுத்த இழப்பு நாலு மடங்கில் நிற்காது, ஏறக்குறைய பதினாறு மடங்காகும். அதனால்தான் ஸ்லோ ஸ்பீடில் அடைப்பு ஒளிந்துகொள்கிறது. நின்ற இடத்தில் ரேஸ் பண்ணிப் பார்ப்பதும் டர்போ வண்டிக்குப் போதாது. லோடு இல்லாதபோது எரியும் டீசல் குறைவு, வெளியேறும் சூடும் குறைவு, டர்போ ஒழுங்காகச் சுழன்று அழுத்தம் கட்டாது. ஒர்க் ஷாப்பில் போனட்டைத் திறந்து வைத்து, ரேஸ் கொடுத்து, "எல்லாம் சரியாகத்தானே இருக்கு" என்று சொல்வதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

கறுப்புப் புகை ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்கல் பம்பு உள்ள பழைய டீசலில், மிதிக்கிற மிதிக்கும் சுற்றுக்கும் ஏற்றபடி பம்பு டீசலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே வந்த காற்று எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. சில வண்டிகளில் டர்போ அழுத்தத்தைப் பார்த்து டீசலைக் கூட்டிக் குறைக்கும் டயஃப்ரம் இருக்கும், அதுவும் தோராயம்தான். ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய 14.5 கிலோ காற்று தேவை என்பது வேதியியல் கணக்கு. டீசல் இன்ஜினுக்கு அது மட்டும் போதாது. புகையில்லாமல் எரிய இன்னும் கணிசமாகக் காற்று மிஞ்ச வேண்டும். அந்த மிச்சம் குறைந்தால் எரியாத கரி புகையாக வரும், எக்ஸாஸ்ட் சூடு ஏறும். இந்தச் சூடுதான் பிஸ்டனையும் டர்போவையும் தின்னும். புகையைத் தள்ளிப்போட்டாலும் சூட்டைத் தள்ளிப்போடக் கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. புகையை நிறுத்த எளிய வழி என்று சிலர் பம்பின் சீலை உடைத்து டீசல் அளவு ஸ்க்ரூவைக் குறைத்துவிடுவார்கள். புகை போகும், கூடவே இருந்த இழுவையும் போகும். வேறு சிலர் இழுவைக்காக அதே ஸ்க்ரூவைக் கூட்டுவார்கள். அடைபட்ட காற்றுப் பாதைக்கு அது இன்னும் மோசம். உங்கள் பம்பில் சீல் உடையாமல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். உடைந்திருந்தால் கதை வேறு பக்கம் போகலாம்.

சரி, எங்கே பார்ப்பது? நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் ஹோஸைப் பார்ப்பேன். ஏர் கிளீனர் பெட்டியிலிருந்து டர்போவுக்குப் போகும் அந்த ரப்பர் ஹோஸ். இருபது வயது வண்டியில் அது பழைய ரப்பராக இருந்தால் சந்தேகப் பட்டியலில் முதல் பெயர் அதுதான். இந்த ஹோஸுக்குள் இருப்பது உறிஞ்சு அழுத்தம். வெளியே முழு வளிமண்டலம் அதை அழுத்துகிறது. ரப்பர் தளர்ந்துபோனால், காகித ஸ்ட்ராவில் கெட்டியான மில்க்‌ஷேக்கை வேகமாக உறிஞ்சினால் ஸ்ட்ரா ஒட்டிக்கொள்வதைப் போல, ஹோஸ் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். மிதியை எடுத்தவுடன் பழையபடி உருண்டையாகிவிடும். வண்டியை நிறுத்தி போனட்டைத் திறக்கும்போது எந்தத் தடயமும் இருக்காது.

இதைவிடத் தொல்லையானது, ஹோஸின் வெளிப்பக்கம் கெட்டியாகவே இருந்து உள் அடுக்கு மட்டும் பிரிந்துவிடுவது. பழைய ஹோஸ்கள் ரப்பர், துணி, ரப்பர் என்று அடுக்கடுக்காகச் செய்தவை. இன்ஜின் பிரீதரிலிருந்து (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் குழாய்) வரும் எண்ணெய்ப் புகை இதே ஹோஸில்தான் பெரும்பாலும் சேரும். வருஷக்கணக்கில் எண்ணெய் ஊறி உள் ரப்பர் உப்பிப் பிரியும். காற்று வேகம் கூடும்போது அந்தப் பிரிந்த தோல் எழுந்து குழாயை மூடும். வெளியிலிருந்து எத்தனை பேர் அழுத்திப் பார்த்தாலும் தெரியாது.

இன்ஜின் ஆறியபின், அணைத்த நிலையில், இரண்டு கிளாம்பையும் தளர்த்தி ஹோஸை முழுதாகக் கழற்றுங்கள். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், பார்த்தது போதாது, விரலை விட்டு முழு நீளமும் தடவுங்கள். எங்காவது கொப்புளம் போல உப்பல், பிசுபிசுப்பு, நகத்தால் தூக்கினால் வரும் தோல் இருக்கிறதா? வளையும் இடத்தில் கூடுதல் கவனம். கழற்றிய இடத்தில் டர்போவின் வாயையும் ஒரு சுத்தமான துணியால் உடனே மூடிவிடுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தத் துணியை எடுக்க மறக்க வேண்டாம். மறந்துவிட்டுப் போன துணியே அடைப்பாக இருப்பதும் உண்டு.

ஹோஸ் போயிருந்தால் மாற்றுக்கு எதை வாங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். அளவு சரியாக இருக்கிறது என்று ரேடியேட்டர் ஹோஸை வெட்டி மாட்டுவது வழக்கமாக நடக்கிறது. ரேடியேட்டர் ஹோஸ் உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்தைத் தாங்கச் செய்தது, உறிஞ்சினால் ஒட்டிக்கொள்ளக்கூடியது. மோட்டார் பம்புக்குப் போடும் பிளாஸ்டிக் சக்‌ஷன் குழாய் இன்ஜின் சூட்டில் இளகும். உள்ளே கம்பிச் சுருள் வைத்த உறிஞ்சு ஹோஸ் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் நடுவில் உலோகக் குழாய், இரு முனையிலும் குட்டையான ரப்பர் இணைப்பு என்று செய்துகொள்ளலாம். அது பல வருஷம் வரும். ஆனால் வெல்டிங் செய்த குழாயாக இருந்தால் உள்ளே ஒரு துளி கசடுகூட இல்லாமல் ராவிக் கழுவ வேண்டும். டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு லட்சம் சுற்று அளவில் சுழலும் பொருள். மணல் அளவு இரும்புத் துணுக்கு போதும் அதை முடிக்க.

அடுத்தது உறிஞ்சு வாய். ஏர் கிளீனர் பெட்டிக்கு முன்னால் இருக்கும் குழாயை யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. மரத்தடியில் நிற்கும் வண்டி என்றால் காய்ந்த இலை, குளவிக் கூடு, எலி சேர்த்து வைத்த பஞ்சும் நெல் உமியும் எல்லாம் அங்கேதான் கிடைக்கும். ஒரு மாதம் ஓட்டாமல் நிறுத்திய வண்டியில் எலிக்கு ஏர் கிளீனர் பெட்டியைவிட வசதியான வீடு இல்லை.

புது ஃபில்டரையும் நம்பிவிட வேண்டாம். பாலித்தீன் உறையை முழுக்க எடுக்காமல் மாட்டியிருப்பது, உயரம் கூடிய ஃபில்டர் போய் மூடியில் இடித்து வெளியேறும் வாயைப் பாதி மறைப்பது, மலிவான காகிதம் மழைச் சாரலில் நனைந்து உப்பி மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது, இவையெல்லாம் நடப்பவை. ஃபில்டரைக் கழற்றி உள்ளே ஒரு பல்பை வைத்துப் பாருங்கள், சுற்றிலும் ஒரே சீராக வெளிச்சம் கசிய வேண்டும். காகிதத்தில் எண்ணெய் படிந்திருந்தால் ஃபில்டரைத் திட்டாதீர்கள். பிரீதர் வழியாக எண்ணெய் வருகிறது, பிஸ்டன் ரிங் தேய்மானம் இருக்கலாம் என்று அர்த்தம். எத்தனை ஃபில்டர் மாற்றினாலும் அது திரும்ப அடைக்கும்.

பழைய ஜீப்பும் டிராக்டரும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காகித ஃபில்டருக்குப் பதில் ஆயில் பாத் ஏர் கிளீனர் (கிண்ணத்து ஆயிலில் தூசியைப் பிடிக்கும் வகை) இருந்தால், கிண்ணத்தில் குறியிட்ட மட்டத்துக்கு மேல் ஆயில் ஊற்றக் கூடாது. அதிகமானால் காற்று கஷ்டப்பட்டு வரும், அதோடு ஆயிலையே இன்ஜின் உறிஞ்சிக் குடிக்கும். டீசல் இன்ஜின் அந்த ஆயிலை எரிபொருளாக எடுத்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓட ஆரம்பித்தால் ஆபத்து. கிண்ணத்தை மட்டும் கழுவிவிட்டு மேலே இருக்கும் கம்பி வலையை விட்டுவிடுவதும் பொதுவான வழக்கம். வைக்கோல் தூசி சேர்ந்து அந்த வலைதான் முதலில் அடைக்கும்.

கையால் தடவியும் கண்ணால் பார்த்தும் எதுவும் கிடைக்கவில்லையா? அப்போது அளந்துவிடலாம். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கொத்தனார் மட்டம் பார்க்கும் தெளிவான டியூப் நாலைந்து மீட்டர் வாங்குங்கள். ஒரு பகுதியை ‘யு’ வடிவில் வளைத்து ஒரு பலகையில் கட்டி, ஒவ்வொரு கையும் ஒரு மீட்டர் உயரம் இருக்கும்படி வைத்து, பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். கொஞ்சம் மஞ்சள் தூள் கரைத்தால் கண்ணுக்குத் தெரியும். ஒரு முனை திறந்திருக்கட்டும். மறுமுனை டர்போவுக்குப் பக்கத்தில் உறிஞ்சு ஹோஸில் சேர வேண்டும். அதற்காக ஹோஸில் துளை போட வேண்டாம். பிரீதர் குழாய் சேரும் வாயைத் தற்காலிகமாகப் பயன்படுத்தலாம். பிரீதரைக் கழற்றிக் கீழே திறந்து தொங்கவிட்டு, அந்த வாயில் ஒரு ரப்பர் கார்க் வழியாக டியூபைச் செருகுங்கள். கார்க் உள்ளே போய்விடாதபடி பெரிதாக இருக்க வேண்டும், கம்பியால் கட்டியும் வையுங்கள்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். இன்ஜினுக்குப் போகும் டியூபின் நடுவில் ஒரு காலி பாட்டிலை வைத்து, தண்ணீர் தவறி ஏறினாலும் பாட்டிலில் விழும்படி செய்யுங்கள். பாட்டில் கெட்டியானதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அதுவும் சுருங்கும். உங்கள் இன்ஜினில் பிஸ்டன் மேலே வந்தபின் மிஞ்சும் இடம் ஒரு சிலிண்டருக்கு நாற்பது மில்லியை ஒட்டித்தான் இருக்கும். அதற்கு மேல் தண்ணீர் போனால் கனெக்டிங் ராடு வளையும்.

டியூபை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, பக்கத்து சீட்டில் ஒருவர் பலகையைப் பிடித்துப் பார்க்கட்டும். ஓட்டுபவர் பார்க்கக் கூடாது. ஆளில்லாத ஒரு ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முழு மிதி கொடுங்கள். இரண்டு கைகளிலும் உள்ள தண்ணீர் மட்டத்தின் வித்தியாசம்தான் உங்கள் தடை. டீசல் இன்ஜின்களுக்கு ஃபில்டரை மாற்றச் சொல்லும் எல்லையாகப் பொதுவாக எடுத்துக்கொள்வது 25 அங்குலத் தண்ணீர் வித்தியாசம், அதாவது 635 மில்லிமீட்டர். நல்ல நிலையில் இருக்கும் பாதையில் அதில் பாதிகூட வரக் கூடாது. டர்போ இல்லாத டீசலாக இருந்தால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். அதில் காற்றை மறிக்கும் த்ராட்டில் வால்வு பெரும்பாலும் இல்லை, சுற்றைப் பொறுத்துத்தான் காற்று ஓடும், எனவே நின்ற இடத்தில் முழு ரேஸிலேயே கிட்டத்தட்ட உண்மையான அளவு கிடைத்துவிடும்.

அளவு அதிகமாக வந்தால், அதே சோதனையை ஏர் கிளீனர் பெட்டியின் வெளிவாயில் வைத்து இன்னொரு முறை செய்யுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் தடை காட்டும் இண்டிகேட்டருக்காக ஒரு சின்னத் துளை அடைத்து வைத்திருப்பார்கள். அங்கே குறைவாகவும் டர்போ பக்கம் அதிகமாகவும் காட்டினால் இடையில் இருக்கும் ஹோஸ்தான் குற்றவாளி. இரண்டிலும் அதிகம் என்றால் ஃபில்டரோ அதற்கு முன்னால் உள்ள வாயோ. வேறொரு நல்ல ஃபில்டரை மாட்டிப் பார்த்தால் இரண்டில் எது என்பதும் தெரிந்துவிடும். பெரிய வண்டிகளில் ஏர் கிளீனர் பெட்டியில் இருக்கும் சிவப்புப் பட்டை இண்டிகேட்டர் ஹோஸ் சுருங்குவதைக் காட்டாது என்பதும் இதனால்தான். ஹோஸ் அடைத்தால் ஃபில்டர் வழியே போகும் காற்றே குறைகிறது, இண்டிகேட்டர் பச்சையாகவே நிற்கும்.

ஃபில்டரை எடுத்துவிட்டே ஓட்டிப் பார்க்கலாமே என்று பலர் கேட்பார்கள். டர்போ வண்டியில் செய்யாதீர்கள். டர்போ இல்லாத வண்டியில், புழுதி இல்லாத இடத்தில் ஒரு சின்னச் சுற்று என்றால் பெரிய கேடில்லை. ஆனால் அதையே தீர்வாக வைத்துக்கொண்டு செங்கல் சூளைக்கும் கல்குவாரிக்கும் ஓடிய இன்ஜின்களின் ரிங்கும் லைனரும் சீக்கிரமே போய்விடும். தடை இன்ஜினை மெதுவாக்கும், தூசி இன்ஜினைக் கொல்லும். அதனால் ஹோஸைக் கழற்றிய கையோடு ஃபில்டருக்குப் பின்னால் உள்ள உட்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். செம்மண் தூசி ஒட்டினால் அங்கே கசிவு இருக்கிறது, அதை முதலில் சரிசெய்யுங்கள். பெட்ரோல் பங்க்கில் காற்றடித்து ஃபில்டரைச் சுத்தம் செய்வதும் எனக்குப் பிடிக்காத பழக்கம். அடிக்கத்தான் வேண்டும் என்றால் அழுத்தத்தை 30 பிஎஸ்ஐக்குள் வைத்து, உள்ளிருந்து வெளிப்பக்கமாக, சற்றுத் தள்ளிப் பிடித்து அடியுங்கள்.

டர்போ சம்பந்தமாக ஒரு தவறான தீர்ப்பு அடிக்கடி வருகிறது. முன்பக்கம் காற்று அடைத்தால் டர்போவின் உறிஞ்சு பக்கத்தில் வெற்றிடம் கூடி, சீல் வழியாக எண்ணெயை உள்ளே இழுக்கும். ஹோஸில் எண்ணெய், சைலன்ஸரில் நீலப் புகை. உடனே "டர்போ போச்சு" என்று முடிவு. தடையை நீக்கி, ஹோஸ்களைத் துடைத்து, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் டர்போவைப் பற்றிப் பேச வேண்டும்.

உங்களுக்குக் குறிப்பாக இன்னொன்று. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நல்ல நிலையில் இருக்கும் பழைய டீசலும் அங்கே கொஞ்சம் புகைக்கும், இழுவை கொஞ்சம் குறையும். ஆகவே குன்னூருக்கு மேலே வரும் புகையை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். மேட்டுப்பாளையத்தை விட்டுக் கிளம்பிய முதல் வளைவுகளிலேயே அதே புகை வருகிறதா என்று பாருங்கள். அங்கேயே வந்தால் உயரத்தின் மேல் பழி போட முடியாது.

பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கார்புரேட்டர் வண்டியில் ஏர் கிளீனர் அடைத்தால் கலவை கெட்டியாகி பிளக் கரி பிடிக்கும், மைலேஜ் இறங்கும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது, குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் சோக். கேபிள் துருப்பிடித்து சோக் தகடு முழுதாகத் திறக்காமல் நின்றால் அதுவே காற்றுத் தடை. எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் கார்களில் வரும் காற்றுக்கு ஏற்ப கணினியே பெட்ரோலைக் குறைத்துவிடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட சோதனையில், அப்படிப்பட்ட கார்களில் அடைபட்ட ஃபில்டரால் மைலேஜ் குறிப்பிடும்படி மாறவில்லை, பிக்கப் மட்டும் குறைந்தது.

இவ்வளவும் பார்த்து, டர்போ வாயருகே அளவும் குறைவாகவே வந்தால் காற்றுப் பாதையின் உறிஞ்சு பக்கம் நிரபராதி. அப்போதும் பம்புக்கு முன்னால் இரண்டு இடம் பாக்கி. டர்போவுக்குப் பின்னால், தள்ளு பக்கத்து இணைப்புகளில் சோப்பு நுரை தடவி கசிவு பாருங்கள். ஏற்றத்தில் விசில் சத்தத்தோடு புகை வந்தால் பெரும்பாலும் அங்கேதான். அப்புறம் சைலன்ஸர். பழைய சைலன்ஸருக்குள் தகடு பெயர்ந்து வழியை மறித்தால் அறிகுறி முழுக்க இதே மாதிரி இருக்கும். டர்போவுக்குப் பின்னால் எக்ஸாஸ்ட் இணைப்பைத் தளர்த்திவிட்டு அதே ஏற்றத்தில் கொஞ்ச தூரம் ஓட்டினால் தெரிந்துவிடும், காது வலிக்கும் அவ்வளவுதான். சூடான புகை ஒயரிலோ பிரேக் குழாயிலோ டீசல் குழாயிலோ அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அதிலும் மாற்றம் இல்லை என்றால் நாசில்களைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் ஸ்ப்ரே பார்க்கச் சொல்லுங்கள். நாசில் நான்கும் நன்றாக இருந்தால் மட்டும் பம்பு கீழே இறங்கட்டும்.